விடப்பட்டோர் பட்டியல்

முதலில் டீயைக் குடித்துவிடுங்கள். எங்கள் மில் கேன்டீனில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஆறினால் வாயில் வைக்க முடியாது. மே மாத வெயிலில் திண்டுக்கல்லுக்கு வந்து எங்கள் மைதானத்தை நடந்து அளந்தீர்கள். ஆட்டக்காரர்களின் சாப்பாட்டைக்கூட ருசி பார்த்தீர்கள். கால்பந்துச் சங்கத்திலிருந்து மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாக இவ்வளவு பார்ப்பதில்லை.

உங்கள் படிவத்தின் ஏழாம் பகுதி, ஓர் அணி ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எடுத்தவர்களை எப்படி வளர்க்கிறது என்பது. அதில் நான் எழுதிக் கொடுத்ததில் ஒரே ஒரு சொல்லைப் பென்சிலால் சுழித்திருக்கிறீர்கள். 1997ஆம் வருடத் தேர்வு: வந்தவர்கள் 312. எடுக்கப்பட்டோர் 18. விடப்பட்டோர் 294. விடப்பட்டவர்களில் ஐந்தாண்டு முடிவில் வேறு அணிகளில் மேலே வந்திருந்தவர்கள்: இல்லை. அந்த ‘இல்லை’யைச் சுழித்துவிட்டு, ஒருவர்கூடவா இல்லை என்று கேட்டீர்கள்.

நான்கு வருடமாக அந்தத் தாள் இந்த அலமாரியில் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம். அளவெடுக்கிறவனுக்கு இன்னொரு அளவெடுக்கிறவரிடம் பேசக் கிடைப்பது அபூர்வம்.

நான் இந்த மில்லின் நூல் சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஆண்டனிராஜ் என்று கேட்டால் வாசல் காவலாளிக்குத் தெரியாது; டெஸ்டிங் சார் என்றால் தெரியும். என் அறை மில்லிலேயே அமைதியானது. பக்கத்துக் கூடத்தில் நூல் நூற்கும் கதிர்கள் ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க, இங்கே கதவை மூடினால் கடிகாரச் சத்தம் கேட்கும். வேலையும் எளிமையானது. நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி எடுத்து, இயந்திரத்தில் மாட்டி, அறும் வரை இழுக்க வேண்டும். எந்த எடையில் அறுந்ததோ அதுதான் அதன் பலம். அறுவதற்கு முன்னால் ஒரு நூலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது அபிப்பிராயம்தான்.

முதலாளி ஞானராஜ் தன் மனைவி பெயரில் ஜெயசீலி அணியைத் தொடங்கியது தொண்ணூற்று நான்கில். இரண்டு வருடத்தில் அதைத் தொழில்முறை அணியாக்கினார். ஆட்டக்காரர்களுக்கு வருட ஒப்பந்தம், தங்கும் விடுதி, மூட்டுக்கு மருத்துவர், எல்லாம். பயிற்சியாளர் பேகம்பூர் அப்துல் வாஹித். ஒரு காலத்தில் நல்ல லெஃப்ட் ஹாஃப். ஒவ்வொரு மே மாதமும் தேர்வு நடக்கும். பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் நத்தத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் பழனிப் பக்கத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வாஹித் தண்ணீர்க் குழாய் ஓரத்தில் நின்றுகொண்டு பார்ப்பார். பந்தைப் பார்க்க மாட்டார். பந்தைப் பறிகொடுத்தவனைப் பார்ப்பார். பறிகொடுத்த அடுத்த நிமிஷத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு, “இவன் வேணும்” என்பார், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டார். தேர்வு முடிந்துவிட்டது.

தொண்ணூற்றாறில் அவர் எடுத்தவர்களில் மூன்று பேர் ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். வாஹித்தும் இருந்தார்.

“நூலுக்கு டெஸ்ட் வச்சிருக்கோம். பாய் எடுக்கிற ஆளுக்கு என்னய்யா டெஸ்ட்?” என்றார் முதலாளி.

“கண்ணுதான் மொதலாளி,” என்றார் வாஹித்.

“கண்ணை ஃபைல்ல வைக்க முடியுமா பாய்?”

அப்படித்தான் தேர்வை மதிப்பிடும் வேலை எனக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

ஒரு மாதம் யோசித்தேன். நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் தயாரித்தேன். ஓட்டம், உயரம், இரு கால் பயன்பாடு, மூச்சு, குடும்பப் பின்னணி, ஒழுங்கு என்று ஒன்பது தலைப்புகள். அறுபதுக்கு மேலே வாங்கினால் எடுப்பது. ஐந்து வருடம் கழித்து அதே தாளை எடுத்து, நாம் சொன்னது நடந்ததா என்று பார்ப்பது. இதில் நான் கண்டுபிடித்த முக்கியமான விஷயத்தை உங்களுக்குச் சொல்கிறேன்; உங்கள் படிவத்திலும் அது சரியாக இடம்பெறவில்லை. எடுத்தவன் சோடை போனால் காரணம் சொல்லலாம். அடிபட்டது, காதலித்தான், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் விட்டவன் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நம் வலையிலேயே கோல் போட்டால் சொல்வதற்கு எதுவும் கிடையாது. ஓர் அணியின் தேர்வுத் திறமையை அது யாரை விட்டது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

தொண்ணூற்றேழில் வாஹித் சண்டை போட்டுக் கேட்ட நான்கு பேர் என் தாளில் தேறவில்லை. முதலாளி தாளைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த நால்வரில் ஒருவன் இளஞ்செழியன். ஆயக்குடிக்காரன், லெஃப்ட் அவுட், இடது ஓரமாக முன்னேறி ஆடுகிறவன். அப்பா பழனி பஸ் நிலையத்தில் கொய்யா விற்பவர். பழ சீசனில் பயிற்சிக்கு வர மாட்டான் என்று ஒழுங்கில் பூஜ்யம் போட்டேன். வலது காலைப் பயன்படுத்தவே இல்லை; அதிலும் பூஜ்யம். மொத்தம் நாற்பத்தொன்று. மற்றவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவன் மட்டும் என் அறைக்கு வந்தான்.

“ஏனுங்க சார், என்ன குறைங்க? சொன்னீங்கன்னா சரி பண்ணிக்குவேன்.”

தாளைக் காட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தான்.

“பழம் விக்கறது எங்கப்பாதானுங்க. நானில்லீங்களே,” என்றான்.

நல்ல பையன். கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

இங்கே ஒரு நிமிஷம். கால்பந்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. மில்லில் நாங்கள் கழித்த நூல் கழிவுக் கிடங்குக்குப் போய்விடும். அது நாங்கள் கழித்தது தவறு என்று எங்கேயும் போய் நிரூபிக்காது. ஆனால் கழித்த ஆட்டக்காரன் பஸ் ஏறி இன்னொரு அணிக்குப் போய்விடுகிறான். அங்கே யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். சோதனையில் தேறாத சரக்கு சந்தையில் உலவுகிறது. இப்படி இருந்தால் எந்த முறையைத்தான் சரிபார்க்க முடியும்? இந்தக் குறையைச் சரிசெய்வதும் மதிப்பீட்டாளனின் வேலைதான் என்று எனக்குப் பட்டது.

நான் பாதகமாக எதுவும் செய்யவில்லை. நால்வரில் முதலாமவன் வத்தலக்குண்டுப் பக்கத்து கோல்கீப்பர். கோவையில் ஒரு அணியில் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடினான். பள்ளிச் சான்றிதழில் ஒரு வயது, அவன் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் இரண்டு வயது குறைத்துப் போடுவதுதான் வழக்கம். பாதிரியார் மட்டும் பிறந்த வாரத்திலேயே எழுதிவிடுவார். அந்தப் பக்கத்தின் நகலை உரிய இடத்துக்கு அனுப்பினேன். உண்மையைத்தான் அனுப்பினேன். மூன்று வருடம் ஆடக் கூடாது என்று தடை போட்டார்கள். இரண்டாமவன் வீட்டில் கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். முதலாளியிடம் சொல்லி மில்லில் நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தேன், ஷிப்ட் மாறி மாறி வரும் வேலை. அவன் அம்மா கருப்பம்மாள் இன்றைக்கும் என்னைக் கண்டால் மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். மூன்றாமவனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தேன். மாமனாருக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி மண்டி. கல்யாணத்தில் நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பேருமே அதன்பிறகு பந்தைத் தொடவில்லை. மூன்று குடும்பமும் நன்றாக இருக்கிறது.

எடுத்த பதினெட்டுப் பேரைப் பற்றியும் கேட்பீர்கள். பதினேழு பேர் ஐந்து வருடமும் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தது என் தாள்தான். என் தாள் எடுத்தவர்களை என் தாளே வைத்துக்கொண்டது. முறை தனக்குள் முரண்படக் கூடாது. ஒருவன் மட்டும் சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்துவிட்டான். தேவ அழைத்தலுக்கு என் தாளில் தலைப்பு இல்லை. ஆனாலும் நேர்மையாக அவனைத் தோல்வி என்றே எழுதினேன். தொண்ணூற்று நான்கு விழுக்காடு வந்தது அப்படித்தான்.

மீதி இருந்தது இளஞ்செழியன்.

அவனுக்கு ஞானஸ்நானப் பதிவேடு கிடையாது. மில் வேலை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சாருக்கு நன்றி சொல்லுங்க, எனக்கு ஆடணுமுங்க என்று பதில் வந்தது. பெண் பார்த்தேன், இப்ப வேண்டாமுங்க என்றான். கரூரில் ஆடினான். பிறகு சென்னையில் முதல் டிவிஷன். இரண்டாயிரத்து இரண்டு பிப்ரவரியில் பத்திரிகையில் அவன் படம் வந்தது. ஜூன் மாதம் மாநில அணிப் பயிற்சி முகாமுக்கு அவனைக் கூப்பிடப் போவதாக எழுதியிருந்தார்கள். வாஹித் அதை வெட்டி எடுத்து வந்து, என் நாற்காலிக்கு மேலே சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்.

“பாத்தியா அப்பு,” என்றார். “ஒன் நாப்பத்தொண்ணு எம்புட்டு வேகமா ஓடுதுன்னு.”

நான் அதைக் கிழிக்கவில்லை. இரண்டு மாதம் அதன் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்தேன். முதலாளி ஒரு நாள் வந்து நின்று பார்த்துவிட்டு, “நம்ம பக்கத்துப் பயலாமே? யாரு இவன வேண்டாம்னது?” என்று கேட்டார். வாஹித் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் ஐந்தாண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் மே 31. முகாம் அறிவிப்பு மே மாத நடுவில். தேதிகள் அப்படி அமைந்துவிட்டன. முகாம் ஆகஸ்டில் இருந்திருந்தால் நான் எதுவும் செய்திருக்க மாட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

நான் யோசித்தது இதைத்தான். நாற்பத்தொன்று என்பது தவறான எண்ணா, சரியான எண்ணா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவன் கால் இன்னும் சோதிக்கப்படவில்லை. சென்னையில் யாரும் அவனை முழு எடை போட்டு இழுத்துப் பார்க்கவில்லை. அறும் வரை இழுக்காமல் பலம் என்று சொல்வது எங்கள் பிரிவில் குற்றம்.

நான்தான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நம் பகுதிப் பையன் பேர் வாங்கியிருக்கிறான், ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி ஆட்டம் ஒன்று வைத்து, விருந்தாளியாக எதிரணியில் ஆடவைத்து, சால்வை போடலாம் என்றேன். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தவற்றை ஒப்புக்கொள்கிற மனுஷன் என்று எல்லாரும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வாஹித் என் தோளில் கை போட்டார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

எங்கள் அணியில் வலப்புறம் தடுத்து ஆடும் ரைட் பேக் ஸ்டீபன்ராஜ். என் தாளில் எண்பத்தேழு. அதுவரை நான் போட்டதிலேயே அதிகம். அவன் அம்மா இஞ்ஞாசியம்மாள் எங்கள் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் இருந்தார். ஆஸ்துமா. எப்போதும் பகல் ஷிப்டே கிடைக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் ஸ்டீபன்ராஜை என் அறைக்குக் கூப்பிட்டேன். இயந்திரத்தில் ஒரு நூலை மாட்டி, அறுவதைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான்.

“ஞாயித்துக்கிழமை லெஃப்ட் அவுட் ஒம்பக்கம்தான் வருவான்,” என்றேன். “எடது கால ஊனி வெட்டுறப்ப, மொழங்கால் எம்புட்டுத் தாங்கும்னு நமக்குத் தெரியணும்.”

கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“சார், ட்ரையல் அன்னைக்கி எனக்கு பூட்ஸ் இல்ல சார். அவன்தான் கழட்டிக் குடுத்தான். அவன் வெறுங்கால்ல ஓடினான்.”

“அது எனக்குத் தெரியும். ஒன் ஓட்டத்துக்கு மார்க் போட்டது நாந்தான.”

“என்னால ஏலாது சார்.”

நான் குரலை உயர்த்தவில்லை. மே மாதம் அவன் ஒப்பந்தத் தாள் என்னிடம் வரும் என்றேன். அவன் அம்மாவின் ஷிப்டைப் பற்றியும் சொன்னேன், ஒரு தகவலாகத்தான். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், ஷிப்ட் அட்டவணை தொங்கும் சுவரைப் பார்த்தான். கட்டாயம் இல்லை, யோசித்துச் செய் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவனுடைய முடிவு அவனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

ஆட்டத்தின் அறுபத்திரண்டாவது நிமிஷம். அதுவரை ஸ்டீபன்ராஜ் நான்கு முறை அவனைப் போகவிட்டிருந்தான். ஐந்தாவது முறை விடவில்லை. நான் எல்லைக்கோட்டு ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன், இருபது அடி தூரம். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானதுதான். இவ்வளவு பெரியதாகக் கேட்டதில்லை, அவ்வளவே. நேரத்தைக் குறித்தேன். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அவர் பார்த்த கோணத்தில் அது சரி.

மில் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குள் மூன்று இடத்தில் கிழிந்து, கீழே எலும்பும் விரிசல் விட்டிருந்தது. இரண்டு அறுவைசிகிச்சை, செலவு முழுதும் மில்லினுடையது. இரண்டாம் நாள் நான் பார்க்கப் போனேன். ஆயக்குடிக்காரனுக்குக் கொய்யா வாங்கிப் போக முடியாது. ஆப்பிள் வாங்கிப் போனேன். அவன் அப்பா எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டார்.

“ஸ்டீபன் மேல தப்பில்லைங்க சார்,” என்றான் இளஞ்செழியன். “பந்துக்குத்தான் வந்தானுங்க. அவன ஒண்ணும் சொல்லீராதீங்க.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றினேன். மே மாதம் ஸ்டீபன்ராஜின் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தேன். வளர்ச்சி என்ற பத்தியில், பயிற்சி தந்த இடத்துக்குக் கட்டுப்பட்டவன், நூற்றுக்கு நூறு என்று எழுதினேன். எண்பத்தேழை எடுத்து நூறாக்குவதற்குத்தானே வளர்ப்பது என்று பெயர்.

மே 31 அன்று அறிக்கையைக் கொடுத்தேன். தவறவிட்டோர்: இல்லை. முதலாளி அதை எல்லார் முன்னாலும் வாசித்தார். அவர் வாசித்து முடிக்கும் வரை வாஹித் உட்கார்ந்திருந்துவிட்டு, என் மேஜைக்கு வந்தார்.

“அன்னைக்கி அந்தப் பய விழுந்தப்ப எல்லாரும் எந்திரிச்சாங்க அந்தோணி. கடலை விக்கிறவன்கூட எந்திரிச்சான். நீ ஒருத்தன்தான் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தே.”

நான் என் வேலையைச் செய்தேன் என்றேன்.

“அதத்தான் நானும் பாத்தேன்,” என்றார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. ஒரு நல்ல பயிற்சியாளரை இழந்தோம். இதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் அவர் கண்ணை எந்த ஃபைலில் வைப்பது?

ஸ்டீபன்ராஜ் அதன்பிறகு இரண்டு சீசன் ஆடினான். யாரும் பந்தோடு எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டான். எட்டு கோல் அவன் பக்கமாகவே விழுந்தது. இப்போது மில்லில் பஞ்சு பேல் இறக்குகிறான். என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போகிறான். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் மில்லில் இருப்பதால் அவனைத் தக்கவைத்தோர் பத்தியில்தான் வைத்திருக்கிறேன். அவன் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டான் என்று நினைக்கிறேன். பங்குச் சாமியார் ஒரு பூசை முடிந்ததும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பாவம் என்றால் அங்கே சொல்லலாம். இது ஒரு முறை. முறையை உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் சொல்ல முடியும்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், ஒருவர்கூட இல்லை. இளஞ்செழியனின் காலை ஸ்டீபன்ராஜ் உடைத்தான், நான் சொல்லி உடைத்தான். நாளும் இடமும் நான் தேர்ந்தெடுத்தேன். எந்தக் கால் என்பதையும் நான்தான் சொன்னேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் அதோடு முடித்தால் உங்கள் படிவம் அரைகுறையாகிவிடும்.

போன மாதம் நான் ஆயக்குடி போயிருந்தேன். இளஞ்செழியன் அங்கே தோப்புகளுக்கு நடுவில் ஒரு பொட்டலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இடது கால் மடங்காது. கையிலிருக்கும் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டுகிறான். ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். இந்த மாவட்டத்தில் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறவர் யாரும் இல்லை. அவனிடம் கற்ற ஐந்து பேர் இந்த வருடத் தேர்வுக்கு வந்தார்கள். ஐந்து பேருமே என் தாளில் அறுபதைத் தாண்டினார்கள். அவன் மாநில முகாமுக்குப் போயிருந்தால் இன்றைக்கு எங்காவது ஒரு பெஞ்சில் மாற்று ஆளாக உட்கார்ந்திருப்பான். அந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்தது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனவே எட்டாம் பகுதியில், எங்கள் அணியால் வளர்க்கப்பட்டோர் என்ற இடத்தில், அவன் பெயரையும் சேர்த்திருக்கிறேன். விதிப்படி அவனுடைய ஒப்பம் வேண்டும். தாளை எடுத்துப் போய், நடந்ததையெல்லாம் உங்களுக்குச் சொன்ன மாதிரியே அவனுக்கும் சொல்லி, பேனாவையும் கொடுத்தேன். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் பேனாவை மூடி, என் சட்டைப் பையில் அவனே செருகிவிட்டான்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. நன்றி சொல்லச் சிலருக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும்.